பனிமலைக்குப் போறவங்களுக்கு ஒரு வாட்ச்மேன் சொன்னது

சிறுசேரிக்கும் பனிமலைக்கும் என்ன சம்பந்தம்?

மார்கழி மாதம் விடியற்காலையில் கேளம்பாக்கம் பக்கம் லேசாக மூடுபனி இறங்கும். அதை விட்டால், ஆபீஸ் ஏசியை யாராவது 18ல் வைத்துவிட்டுப் போனால் உண்டு. அவ்வளவுதான் நம்ம ஊர்க் குளிர். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கோவளம் கடல் வந்துவிடும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிச்சரிவைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள்.

டிசம்பர் பிறந்ததும் சிப்காட் ஐடி பார்க் கேண்டீன்களில் கொஞ்சம் காதைக் கொடுத்துப் பாருங்கள். கேதார்கந்தா, பிரம்மதால், சாதர், குல்மார்க்.... இதே பேச்சுதான். வருடம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்கள் சேர்த்து வைத்த லீவை எடுத்துக்கொண்டு பனியைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். போவதில் தப்பே இல்லை. ஆனால் மழையையும் வெயிலையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்? சினிமாவில் பார்த்ததுதான்.

இது அப்படிக் கிளம்பிய ஒருவனின் கதை.

படிக்கட்டில் ஆரம்பித்த பேச்சு

அவனுக்கு 26 வயது. வீடு மேற்குத் தாம்பரம், வேலை சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து, குடியரசு தின விடுமுறையை ஒட்டி உத்தராகண்டில் உள்ள கேதார்கந்தாவுக்குப் போவதாக முடிவு செய்தார்கள். சுமார் 12,500 அடி உயர மலை. புதிதாக ஏறுபவர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் மலை அது. டிரெக் கட்டணம், டேராடூன் வரை விமானம், ஷூ, ஜாக்கெட் எல்லாம் சேர்த்துத் தலைக்கு முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

பயிற்சி எடுக்க இங்கே மலைக்கு எங்கே போவது? ஷிஃப்ட் முடிந்ததும் முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு ஆபீஸ் படிக்கட்டில் ஏழு மாடி ஏறி இறங்குவான். மூன்றாவது நாள் ராத்திரி, கீழே டியூட்டியில் இருந்த வாட்ச்மேன் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"என்ன சார், லிஃப்ட் ரிப்பேரா?"

"இல்லண்ணா. இமயமலை போறோம். பனியில நடக்கணும்ல, அதான் பிராக்டீஸ்."

அவர் சிரிக்கவில்லை. வேலூர் பக்கத்து ஆள். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளில் சியாச்சினில் ஒரு முறை இருந்துவிட்டு வந்தவர். ஐடி பார்க் வாசல்களில் நீல யூனிஃபார்ம் போட்டு நிற்கிற பெரியவர்களில் முன்னாள் ராணுவத்தினர் நிறையப் பேர். அவர்களிடம் ஐடி கார்டைக் காட்டிவிட்டுப் போகிறோமே தவிர, யாரும் நின்று பேசுவதில்லை.

"ஏறுறதுக்கு பிராக்டீஸ் சரி தம்பி. எங்க நடக்கணும், எப்ப நடக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?" என்றார். அன்றோடு 'சார்' போய் 'தம்பி' வந்துவிட்டது.

"கைடு வருவாருண்ணா."

"கைடு வரட்டும். இப்ப நீங்க ஏறிட்டு இருக்கீங்களே இந்தப் படிக்கட்டு, கிட்டத்தட்ட இந்தச் சாய்வுலதான் பனி சரிய ஆரம்பிக்கும். அது தெரியுமா?"

தெரியாது. நிறையப் பேருக்குத் தெரியாது. பனிச்சரிவு என்றால் சுவர் போல நிற்கிற மலையிலிருந்து விழுவது என்றுதான் நினைப்போம். ஆனால் ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. அதிலும் 38 டிகிரியை ஒட்டித்தான் அதிகம். அதைவிடத் தட்டையாக இருந்தால் பனி பெரும்பாலும் நகராது. மிகச் செங்குத்தாக இருந்தால் பெரிய அளவில் சேர்வதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். நடுவில் இருப்பதுதான் ஆபத்து. பார்ப்பதற்கு "ஏறிடலாம் மச்சி" என்று தோன்றும் சாய்வும் அதுதான்! சாதாரணக் கட்டடப் படிக்கட்டும் ஏறத்தாழ 30 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

சர்க்கரையும் சப்பாத்தியும்

அடுத்த நாள் ராத்திரி அவர் தன் டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் சர்க்கரையைப் பரப்பினார். அதன் மேல் ஒரு சப்பாத்தியை வைத்தார். மூடியை மெதுவாகச் சாய்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்து, சப்பாத்தியின் நடுவில் விரலால் லேசாகத் தட்டினார். சப்பாத்தி முழுசாக வழுக்கிக்கொண்டு மேஜையில் விழுந்தது.

"அவ்ளோதான் தம்பி. அந்த விரல்தான் நீங்க."

பெரிய பெரிய புத்தகங்களில் இருப்பதும் இதுதான். பனி ஒரே நாளில் கொட்டுவதில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு அடுக்கு. நடுவில் நல்ல குளிர் நாட்கள் வந்தால், உள்ளே இருக்கும் பனி, கீழே தரையின் வெதுவெதுப்புக்கும் மேலே கடுங்குளிருக்கும் இடையில் மாட்டிக்கொண்டு சர்க்கரை மாதிரி பொலபொலவென்று ஆகிவிடும். ஒன்றோடொன்று ஒட்டாது. அதன் மேல் புதுப்பனி விழுந்து, காற்று அதை அழுத்தி, கான்கிரீட் ஸ்லாப் போல ஒரே பலகையாக இறுகிவிடும். கீழே சர்க்கரை, மேலே ஸ்லாப். யாராவது ஒருவர் அதன் மேல் கால் வைத்தால் போதும். விரிசல் கண் இமைக்கும் நேரத்தில் சரிவின் அகலத்துக்கும் ஓடும், மொத்தப் பலகையும் கழன்று வரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதெல்லாம் சர்வ சாதாரணம்.

சத்தம் போட்டால் பனி சரியும் என்று படங்களில் காட்டுவார்கள். அது சும்மா. கத்துவதால் சரிவதில்லை, கால் வைப்பதால் சரிகிறது. மேற்கத்திய நாடுகளின் பதிவுகளில், பொழுதுபோக்காகப் பனிமலைக்குப் போய்ச் சரிவில் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் அதைக் கிளப்பிவிட்டது அவரோ அவர் கூட வந்தவரோதான். அதாவது இது தலையில் இடி விழுகிற மாதிரியான விஷயம் இல்லை. பெரும்பாலும் யாரோ ஒருவர் எடுத்த முடிவின் விளைவு.

சரிந்த பனி நின்றவுடன் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் 10 முதல் 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். ஹெலிகாப்டர் வரும், மீட்புப் படை வரும் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. பக்கத்தில் நிற்கும் நண்பன்தான் மீட்புப் படை. அவன் கையில் சிக்னல் பிடிக்கும் டிரான்ஸ்ஸீவர், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும், அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். நம்ம ஆட்கள் எத்தனை பேர் அதை எடுத்துப் போகிறோம்? செல்ஃபி ஸ்டிக் கட்டாயம் இருக்கும்.

2016 பிப்ரவரி 3

ஏன் இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. ஒருநாள் டீக்கடையில் கேட்டுவிட்டான். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "சோனம் போஸ்ட் ஞாபகம் இருக்கா?" என்றார்.

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் சாவடி மேல் ஒரு பெரிய பனிச்சுவர் உடைந்து சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19வது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர் மாவட்டத்து ஏழுமலை, தேனி மாவட்டத்து குமார், மதுரை மாவட்டத்து கணேசன், கிருஷ்ணகிரி மாவட்டத்து ராமமூர்த்தி. மற்றவர்கள் கர்நாடகா, கேரளா, ஆந்திரா, மகாராஷ்டிராவைச் சேர்ந்தவர்கள்.

பனிக்கட்டியை வெட்டி வெட்டித் தேடினார்கள். மோப்ப நாய்களும் தேடின. ஆறு நாள் கழித்து, கிட்டத்தட்ட 25 அடி ஆழத்தில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு கிடைத்தார். நாடே ஆச்சரியப்பட்டது. டெல்லி ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்துபோனார். பத்து பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

சியாச்சினில் 1984லிருந்து இந்திய ராணுவம் இருக்கிறது. அங்கே குண்டு பட்டு இறந்தவர்களைவிடக் குளிராலும் பனியாலும் இறந்தவர்கள்தான் அதிகம். எதிர்ப்பக்கமும் அதே கதைதான். 2012 ஏப்ரலில் கயாரி என்ற இடத்தில் பாகிஸ்தான் முகாம் மேல் பனி சரிந்து 140 பேர் இறந்தார்கள். பனிக்கு எல்லைக்கோடு தெரியாது.

"எங்க காலத்துல வெயில் ஏறிட்டா சரிவுல கால் வைக்க விட மாட்டாங்க. ராத்திரியே நடந்து முடிச்சிடணும். பனி கொட்டுச்சுன்னா நாள் கணக்கா கூடாரத்தை விட்டு அசைய மாட்டோம். ஆனா ஒண்ணு தம்பி, போஸ்ட்டை விட்டுட்டு கீழ வந்துடறேன்னு எங்களால சொல்ல முடியாது. அந்தப் பசங்களாலயும் சொல்ல முடியல. நீங்க சொல்லலாம். அது எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியல."

அவன் டீ ஆறிப்போயிருந்தது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை

சரி, பனி எப்போது சரியும் என்று முன்கூட்டியே தெரியுமா? இந்த நிமிடம், இந்த இடம் என்று சொல்ல முடியாது. எந்த வட்டாரத்தில் ஆபத்து அதிகம் என்று சொல்ல முடியும். அதற்காகவே 1969ல் மணாலியில் ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020ல் அது இன்னொரு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு, இப்போது டிஜிஆர்இ என்ற பெயரில் சண்டிகரிலிருந்து இயங்குகிறது. டிஆர்டிஓவின் கீழ் வருவது. காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட் மாவட்டங்களுக்கு, எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் ஆபத்து என்று குளிர்காலத்தில் எச்சரிக்கை வெளியிடுகிறார்கள்.

உலகம் முழுக்க ஐந்து படிநிலைகள் வைத்து இந்த ஆபத்தைச் சொல்வது வழக்கம். ஐந்தாவது நிலையில் யாரும் வெளியே போகவே மாட்டார்கள். அதிகம் பேர் இறப்பது நடுவில் இருக்கும் மூன்றாவது நிலையில்தான். ஏனென்றால் "மூணுதானே, பாஸ் மார்க் மாதிரி" என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள்.

2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் பக்கத்தில் மாணா கிராமத்தருகே சாலைப் பணித் தொழிலாளர் முகாம் மேல் பனி சரிந்தது. 54 பேர் சிக்கினார்கள், 46 பேரை மீட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதிக்கு முந்தைய நாளே எச்சரிக்கை வந்திருந்தது. வேலைக்குப் போன கூலித் தொழிலாளிகள் அவர்கள். அவர்களுக்கும் "நான் கீழே போறேன்" என்று சொல்லும் வசதி எவ்வளவு இருந்திருக்கும்?

சுற்றுலா போனவர்கள் கதை வேறு. 2023 ஏப்ரல் 4, சிக்கிம் நாதுலா சாலை. 13வது மைல் வரைதான் அனுமதிச் சீட்டு. அதைத் தாண்டி 15வது மைல் வரை போனவர்கள் மேல் பனி விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். இரண்டு மைல் தூரம்!

திறமை காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டில் திரௌபதி கா டண்டா மலையில், உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழுவில் 29 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். அதில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே வருடம் மே மாதம் 16 நாள் இடைவெளிக்குள் எவரெஸ்டும் மகாலுவும் ஏறியவர் அவர்.

இதெல்லாம் வடக்கில் நடப்பது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. அது பனி இல்லை, காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னை ஐடி ஊழியர்களும் அதில் இருந்தார்கள். கோடையில் காடு காய்ந்து கிடப்பதும், குளிர்காலத்தில் சரிவில் பனி குவிந்து கிடப்பதும் ஒரே மாதிரி ஆபத்துதான். மலை அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறோம், எந்தப் பருவத்தில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

அவர் எழுதிக் கொடுத்தது

கிளம்புவதற்கு முந்தைய வாரம், விசிட்டர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவர் எழுதிக் கொடுத்தவை இவை. இன்றைய நிபுணர்கள் சொல்வதும் இதேதான்.

1. புதுப்பனி கொட்டி ஒன்றிரண்டு நாள் ஆகும் வரை செங்குத்துச் சரிவுப் பக்கம் போகாதே.
2. காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று பார். எதிர்ப்பக்கச் சரிவில்தான் பனி குவிந்திருக்கும்.
3. திடீரென்று வெயில் ஏறினாலோ மழை பெய்தாலோ இறங்கிவிடு.
4. பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம், காலடியில் ஓடும் விரிசல், காலுக்குக் கீழே 'உம்ப்' என்று அமுங்கும் சத்தம். இதில் ஒன்று இருந்தாலும் திரும்பு.
5. கடந்தே ஆக வேண்டிய சரிவு என்றால் ஒவ்வொருவராகக் கட. மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும்.
6. சரிவுக்கு அடியில் கூடாரம் போடாதே, சாப்பிட உட்காராதே. பள்ளத்துக்குள் நிற்காதே.

கடைசியில் கொட்டை எழுத்தில்: "ஒருத்தன் வேணாம்னு சொன்னா எல்லாரும் திரும்பணும். ஓட்டெடுப்பு கிடையாது."

ஒன்றும் நடக்கவில்லை

போனார்கள். சாங்க்ரி கிராமம் வரை ஜாலியாகத்தான் இருந்தது. மேல் முகாமுக்குப் போன பிறகு ஒன்றரை நாள் விடாமல் பனி கொட்டியது. உச்சிக்குப் போகும் நாள் அதிகாலை வானம் தெளிந்தது. நட்சத்திரம் எல்லாம் கையில் பிடிக்கலாம் போல இருந்தது. கைடு, கொஞ்ச தூரம் கூட்டிப் போய்ச் சரிவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

இரண்டு பேருக்குக் கோபம். "முப்பதாயிரம் செலவு பண்ணியிருக்கோம் ஜி. இன்னும் ரெண்டு மணி நேரம்தானே?" இன்னொருவன் மேலே கையைக் காட்டினான். வேறொரு குழுவின் டார்ச் வெளிச்சம் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. "அவங்க மட்டும் போறாங்களே?"

அவனுக்கும் ஆசைதான். ஏழு மாடி ஏறி இறங்கியது சும்மாவா? சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. வெளியே எடுக்கக்கூட இல்லை. "எனக்கு வேணாம்டா. நான் திரும்பறேன்" என்றான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஆறு பேரும் திரும்பினார்கள். இறங்கும்போது இரண்டு பேர் அவனோடு பேசவே இல்லை.

இங்கே பெரிய பனிச்சரிவு வந்து அவர்கள் உயிர் தப்பினார்கள் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மேலே போன குழு உச்சியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு பத்திரமாக இறங்கி வந்தது. அந்தப் போட்டோக்களுக்கு இவர்களே லைக் போட வேண்டியதாயிற்று :-)

சிறுசேரிக்குத் திரும்பி வந்ததும் வாட்ச்மேனிடம் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான். "ஒண்ணுமே நடக்கலண்ணா. போயிருக்கலாம் போல."

"பத்து தடவை திரும்பினா ஒன்பது தடவை அப்படித்தான் தோணும்," என்றார் அவர்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது தெரிந்த பாடம்தான். செலவாகி, இனித் திரும்பி வராத பணத்துக்கு சங்க் காஸ்ட் என்று பெயர். அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று முதல் வருடமே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள். 12,000 அடி உயரத்தில், விடிகாலை நான்கு மணிக்கு, எதிரே இன்னொரு குழு ஏறிக்கொண்டிருக்கும்போது எழுதுவதுதான் கஷ்டம். முப்பதாயிரம் ரூபாய் டேராடூனில் இறங்கியபோதே போய்விட்டது. மேலே ஏறினாலும் வராது, கீழே இறங்கினாலும் வராது. கணக்கில் மிச்சம் இருந்தது ஆறு உயிர் மட்டும்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டுகிறோம். வருடம் முழுக்க விபத்து நடக்கவில்லை. பிரீமியம் வீணாகிவிட்டது என்று யாராவது அழுவார்களா? திரும்பி வந்த அந்த நாளும் ஒரு பிரீமியம்தான்.

சோனம் போஸ்ட்டில் இருந்த பத்து பேருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் அங்கே இருந்தே ஆக வேண்டும். லீவு போட்டு, பணம் கட்டி, ஆசைப்பட்டுப் போகிறவர்களுக்கு அது இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாமல் விடுவதைவிடப் பெரிய நஷ்டம் எதுவும் கிடையாது.

அவர்கள் அடுத்த வருடம் மறுபடி போவதாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தடவை பட்ஜெட்டில் டிரான்ஸ்ஸீவர் வாடகையும் சேர்ந்திருக்கிறது. கோபித்துக்கொண்ட இரண்டு பேரும் வருகிறார்கள்.

நம்ம வீடுகளில் வெளியே கிளம்பும்போது யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. சொன்னால் அம்மா திட்டுவார்கள். "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். பனிமலைக்குப் போகிற நண்பர்களே, வீட்டு வாசலில் அப்படிச் சொல்லிவிட்டுத்தானே கிளம்புகிறீர்கள்? மேலே நின்று முடிவெடுக்கும்போதும் அது ஞாபகம் இருக்கட்டும்.